இரண்டு ஆட்டங்களின் ராமசாமி

மாலையில் பார்க்கிங்கில் பந்தடிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் நிறையப் பேசிவிட்டோம். கார் கண்ணாடி ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம். அந்த வழக்கை நான் இங்கே திறக்கப் போவதில்லை. டென்னிஸில் டேவிஸ் கோப்பை, கிரிக்கெட்டில் டெஸ்ட், இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய ஒரே மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். சென்னைக்காரர், பெயர் கோட்டா ராமசாமி. நம் பிளாக்கின் கிரிக்கெட் பைத்தியங்களிடமே கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் கதை அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய வீடும் தோட்டமுமாக வாழ்ந்தவர் புச்சி பாபு நாயுடு. அந்தக் காலத்தில் சேப்பாக்கம் மைதானம் வெள்ளைக்காரர் கிளப்பின் கையில் இருந்தது. ஆட வரும் இந்தியர்களுக்குப் பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடிதான். இது புச்சி பாபுவுக்குப் பொறுக்கவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, நம்மவர்களுக்கு மைதானமும் ஆட்டச் சாமான்களும் கிடைக்க வழி செய்தார். இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் ஆட்டம் ஒன்றை 1908-ல் ஏற்பாடு செய்தார். அது நடப்பதற்குள் இறந்துபோனார். பிற்காலத்தில் பொங்கல் சமயத்தில் சென்னையே கூடிப் பார்த்தது அந்த ஆட்டத்தைத்தான்.

அப்போது ராமசாமிக்கு வயது 12. அம்மா வழித் தாத்தா தத்து எடுத்துக்கொண்டதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் வந்தது. அண்ணன் தம்பிகளும் சென்னைக்குக் கிரிக்கெட் ஆடியவர்களே.

கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போன இடத்தில் டென்னிஸ் பிடித்துக்கொண்டது, பல்கலைக்கழக அணியில் இடமும் கிடைத்தது. இன்று மதுரைப் பிள்ளை ராக்கெட்டைத் தூக்கினால் மாநில டென்னிஸ் சங்கம், அதற்கு மேல் அகில இந்தியச் சங்கம், வயதுவாரிப் போட்டிகள், ரேங்கிங் என்று ஏணி தயாராக இருக்கிறது. அன்று அகில இந்திய லான் டென்னிஸ் சங்கமே 1920-ல்தான் லாகூரில் பிறந்திருந்தது. மறு ஆண்டே டேவிஸ் கோப்பையில் இந்தியா இறங்கியது. 1922-ல் டாக்டர் ஃபைஸியுடன் இரட்டையரில் ஆட ராமசாமிக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ருமேனியாவை வென்ற அணி, அடுத்து ஸ்பெயினிடம் தோற்றது. அதே ஆண்டு விம்பிள்டனிலும் ஆடினார்.

ஊர் திரும்பியதும் வேளாண்மைத் துறையில் அரசு வேலை. வேலைக்கு நடுவே சென்னை அணிக்குக் கிரிக்கெட். ஆட்டத்தைச் சம்பாத்தியமாக நினைக்க முடியாத காலம், பாருங்கள்.

1936-ல், 40 வயதில், இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியில் எடுத்தார்கள். உங்களில் பலர் முழங்கால் வலிக்கு டாக்டரைத் தேடத் தொடங்கும் வயது அது. மான்செஸ்டரில் முதல் டெஸ்ட். இந்தியா 203-க்குச் சுருண்டு, இங்கிலாந்து 571 அடித்துவிட்டது. தோல்வி நிச்சயம் என்ற நிலையில் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் சதம் அடித்தார்கள். முதல் இன்னிங்ஸில் 40 எடுத்திருந்த இடது கை ராமசாமி, இரண்டாவதில் 60 சேர்த்தார். ஆட்டம் டிரா. ஓவல் மைதானத்து அடுத்த டெஸ்டில் 29, பிறகு அவுட்டாகாமல் 41. இரண்டே டெஸ்டில் 170 ரன், சராசரி 56-க்கு மேல். பிறகு போர் வந்தது. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடியது 1946-ல். அவருக்கு அப்போது 50.

1952-53-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். 1966-ல் ஆங்கிலத்தில் தன் வரலாறு எழுதினார். அதன் தலைப்பிலேயே தன்னை விளையாட்டுக்கு அடிமைப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டார்.

இனி வருவதை எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை. நம் வளாகத்திலும் மாலை நடைக்குத் தனியாகப் போகும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 1985 அக்டோபரில், 89 வயதில், அடையாறில் இருந்த வீட்டை விட்டு வெளியே நடந்தார் ராமசாமி. திரும்பி வரவில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. கிரிக்கெட் உலகின் கணக்குப் புத்தகமான விஸ்டன், இறந்துவிட்டதாகக் கருதப்படுபவர் என்றே அவரைப் பதிந்தது.