ஹோமி பாபாவும் நாட்டின் மின்சாரமும்

ஒரு நாட்டின் செழிப்பை முன்பெல்லாம் களத்து நெல்லைக் கொண்டு அளந்தார்கள். இன்று அந்நாட்டு மக்கள் தலைக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறார்கள் என்பதைக் கொண்டு அளக்கிறார்கள். நெல் விளைவதற்கே மின்சாரம் வேண்டியிருக்கிறது. கிணற்றுப் பம்பு ஓடாவிட்டால் வயல் காய்ந்துவிடும். ஆலை ஓட, இரயில் ஓட, ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடக்க, விடுதியில் நாம் இரவில் புத்தகத்தைப் பிரிக்க, எல்லாவற்றுக்கும் அதுவே மூலம். அந்த மின்சாரத்தை அணுவிலிருந்து எடுக்கும் காலம் வரும், அப்போது அந்த வேலையை நம்மவர்களே செய்ய வேண்டும் என்று, நாடு விடுதலை அடைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இந்திய அணுசக்தியின் தந்தை என்பதும், விமான விபத்தில் மாண்டார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் போட்ட கணக்கு என்ன, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை மின் பொறியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் எனக்கு எட்டிய வரையில் இங்கே சொல்கிறேன்.

தந்தையும் மகனும்

பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் ஒரு பார்ஸிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வித் துறையின் தலைமை அதிகாரி. அத்தை மெஹர்பாய் ஸர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி. ஜம்ஷெட்பூர் இரும்பாலையும், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைக் கொண்டு பம்பாய்க்கு மின்சாரம் எடுத்த நிலையங்களும் அந்த உறவினர் நடத்திய தொழில்கள்.

ஆகவே பையன் பொறியியல் படித்து இரும்பாலைக்கு வரட்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். 1927-ல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதும் யந்திரப் பொறியியல் படிக்கத்தான். ஆனால் அங்கே அவர் மனம் பௌதிகத்தில் ஈடுபட்டுவிட்டது. தமக்கு ஏற்ற வேலை பௌதிகமே, வேறெதிலும் தாம் சிறக்க முடியாது என்று தந்தைக்கு எழுதினார். தந்தை கோபிக்கவில்லை, விட்டுக்கொடுத்துவிடவும் இல்லை. எடுத்த படிப்பை முதல் வகுப்பில் முடித்துக் காட்டினால் அதற்குமேல் கணிதம் படிக்கப் பணம் தருவதாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மகன் 1930-ல் யந்திரப் பொறியியலில் முதல் வகுப்பு வாங்கினார். 1932-ல் கணிதத்திலும் முதல் வகுப்பு வாங்கினார். இதே வாக்குவாதம் நம்மில் பலர் வீட்டில் நடந்ததுதானே! வேண்டாத படிப்பு என்று அவர் எதையும் அரைகுறையாக விடவில்லை. பின்னாளில் அணு உலைகளைக் கட்ட வந்தபோது, பௌதிகமும் பொறியியலும் ஒருவரிடமே இருந்தது நாட்டுக்கு எவ்வளவு நன்மையாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதிச் சிதறுவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அண்ட வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மழைபோலப் பெருகுவது எப்படி என்பதை 1937-ல் ஹைட்லர் என்ற அறிஞருடன் சேர்ந்து விளக்கினார்.

1939-ல் விடுமுறைக்காகத் தாய்நாடு வந்திருந்தபோது யுத்தம் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறையின் தலைவராக இருந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன். 1941-ல், 31-ம் வயதில், பாபா லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

1944-ல் எழுதிய கடிதம்

1944-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படைப் பௌதிகத்துக்கென உயர்ந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நாள் வரலாம். அப்போது இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாடு போகக் கூடாது. அவர்கள் இங்கேயே தயாராக இருக்க வேண்டும் என்று அதில் காரணம் காட்டினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில். அணு என்ற சொல்லே உலகத்தின் காதில் சரியாக விழாத நாளில் அவர் மின்சாரத்தைப் பற்றி எழுதிவிட்டார்.

அந்தக் கடிதத்தின் பலனாக டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1945-ல் பெங்களூரில் தொடங்கி, அவ்வாண்டு இறுதியிலேயே பம்பாயில் ஒரு பங்களாவுக்கு மாறியது. 1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது பாபா தலைவரானார். கமிஷனின் மற்ற இரு அங்கத்தினருள் ஒருவர் நம் ராமநாதபுரத்துச் சீமையில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், மற்றவர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

கணக்கு

பாபாவின் கணக்கு மிக எளியது. நம் நாட்டில் நிலக்கரி உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி கிழக்கே பீகாரிலும் வங்காளத்திலும் கிடந்தது. பம்பாய்க்கும், ராஜஸ்தானுக்கும், சென்னைக்கும் அதை ஆயிரம் மைல் இரயிலில் கொண்டுவர வேண்டும். சுரங்க வாயிலில் மலிவாக இருக்கும் கரி, வந்து சேரும்போது விலை ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட தூரத்து ஊர்களிலாவது அணு மின்சாரம் நிலக்கரி மின்சாரத்துடன் விலையில் போட்டியிட முடியும் என்று அவர் வாதாடினார்.

இதை இன்றைய எண்களில் சொல்லிப் பார்க்கிறேன். 220 மெகாவாட் அணு உலை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சில பத்து டன் யுரேனியம் போதும். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க ஏறத்தாழப் பத்து லட்சம் டன் வேண்டும். ஒரு கூட்ஸ் வண்டி 4,000 டன் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால் அது 250 வண்டிச் சுமை. அணு உலையைக் கட்டச் செலவு மிக அதிகம். கட்டிய பிறகு எரிபொருள் செலவு குறைவு. எனவே அதை இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினால்தான் இலாபம். நிறுத்தாமல் ஓடும் மின்சாரம்தான் ஆலைகளுக்கும் வேண்டியது.

ஆனால் ஒரு குறை. நம் நாட்டில் யுரேனியம் கொஞ்சம், தோரியமோ ஏராளம். கேரளத்துச் சவறாவிலும், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலோடு கலந்து கிடக்கும் மோனஸைட்டில் அது இருக்கிறது. தோரியம் ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் என்றும், யுரேனியம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றும் அன்று பாபா மதிப்பிட்டார். ஆனால் தோரியம் தானாக எரியாது. அது பாலைப் போன்றது. உறை குத்தினால்தான் தயிராகும். அந்த உறைக்கு எங்கே போவது?

1954-ல் அவர் வகுத்த மூன்று படித் திட்டம் இதற்கு விடை. முதற்படியில் இயற்கை யுரேனியத்தைக் கன நீர் உலைகளில் எரித்து மின்சாரம் எடுப்பது. அதன் சாம்பலில் புளுட்டோனியம் கிடைக்கும். இரண்டாம் படியில் அந்தப் புளுட்டோனியத்தை வேக ஈனுலைகளில் இட்டு, எரித்ததைவிட அதிகமாக எரிபொருள் விளைவிப்பது; கூடவே தோரியத்தை வைத்து யுரேனியம்-233 ஆக மாற்றுவது. மூன்றாம் படியில் அந்த யுரேனியம்-233-ஐ உறையாகக் கொண்டு தோரியத்தையே எரித்துக்கொண்டு போவது. இன்றைய தயிரே நாளைக்கு உறை.

டிராம்பே

திட்டம் காகிதத்தில் இருந்தால் விளக்கு எரியாது. பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்தது. 1956 ஆகஸ்ட் 4-ந் தேதி அப்ஸரா என்ற உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது; உலையை வடிவமைத்துக் கட்டியவர்கள் நம்மவர்கள். 1957-ல் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, உதவித் தொகை கொடுத்து, பௌதிகம் படித்தவனுக்குப் பொறியியலும் பொறியியல் படித்தவனுக்குப் பௌதிகமும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் செய்த வேலைகளுள் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். உலையை வாங்கிவிட்டு ஆளைத் தேடுவது வழக்கம். அவர் ஆளைத் தயார் செய்துகொண்டு உலையைத் தேடினார்.

அவர் ஓவியம் வரைவார். மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஆழ்ந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. கட்டடம் கட்ட மரங்கள் தடையாக நின்றால் வெட்ட விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார்.

முதல் மின் நிலையத்தைத் தாராப்பூரில் அமெரிக்க உதவியுடன் கட்டவும், இரண்டாவதை ராஜஸ்தானில் கனடாவின் உதவியுடன் கட்டவும் ஏற்பாடுகள் ஆயின. தாராப்பூரில் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 1966 ஜனவரி 24-ந் தேதி, வியன்னாவில் சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் கூட்டத்துக்காக அவர் ஏறிச் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மான்ட் பிளாங்க் சிகரத்தருகே மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56.

பலித்ததும் பலிக்காததும்

தாராப்பூர் உலைகள் 1969-ல் மின்சாரம் தரத் தொடங்கி அரை நூற்றாண்டு உழைத்தன. 1974-ல் பொக்ரானில் அணுச் சோதனை நடந்தபின் கனடா கையை விரித்துவிட்டது. ராஜஸ்தானின் இரண்டாம் உலையை நம் பொறியாளர்களே முடித்து 1981-ல் ஓட்டினார்கள். 1983-ல் கல்பாக்கத்தில் முழுவதும் நம்மவர் கட்டிய உலை இயங்கத் தொடங்கியது. 1944-ல் எழுதிய கடிதம் பலித்தது அங்கேதான். வெளிநாட்டான் போனபோது வேலை நிற்கவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

பலிக்காதவற்றையும் மறைக்கக் கூடாது. 1980-க்குள் 8,000 மெகாவாட் என்று பாபா குறியிட்டார். 1980 பிறந்தபோது ஓடியவை மூன்றே உலைகள், அவற்றின் மொத்தத் திறன் 600 மெகாவாட்டை ஒட்டியதே. அணுப் பிணைவிலிருந்து சக்தி எடுக்கும் வழி இருபது ஆண்டுகளில் கைவரும் என்று 1955-ல் ஜெனிவா மாநாட்டுத் தலைவராக இருந்து அவர் கூறியதும் நடக்கவில்லை. இரண்டாம் படிக்குரிய 500 மெகாவாட் ஈனுலையைக் கல்பாக்கத்தில் 2004-ல் கட்டத் தொடங்கினார்கள். உலையின் மையப் பகுதியை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். நாட்டின் மின் உற்பத்தியில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்று அளவே.

அவர் காலத்திலேயே மறுத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். இந்த ஆராய்ச்சியைப் பல்கலைக் கழகங்களிலிருந்து பிரித்து இரகசியக் கூண்டில் அடைப்பது தகாது என்று மேகநாத் சாஹா பாராளுமன்றத்தில் வாதாடினார். வெயில் மிகுந்த நாடு சூரியனை நம்பலாமே என்றார் கணித மேதை கோசாம்பி. சூரிய மின் நிலையங்களின் திறன் 2025-ன் தொடக்கத்தில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியதைப் பார்க்கும்போது அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். செர்னோபிலும் புகுஷிமாவும் நடந்த பிறகு, கூடங்குளத்து மீனவ மக்கள் கேட்ட கேள்விகளை அறியாமை என்று ஒதுக்குவதும் நியாயமாகாது. கழிவை எங்கே வைப்பீர்கள், விபத்து நேர்ந்தால் எங்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்பது கடற்கரையில் வாழ்பவனின் உரிமை. பதில் சொல்வது விஞ்ஞானியின் கடமை.

ஆனாலும் நான் பாபாவின் பக்கமே நிற்கிறேன். காரணம் நூலிலிருந்து மட்டும் வந்ததன்று. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் ஊரில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இராது. எங்கள் தெருவில் இரண்டு தறிகள் வைத்திருந்தவர் அவற்றை விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் கூலி வேலைக்குப் போனார். மின்சாரம் இல்லாத பொருளாதாரம் என்றால் என்னவென்று அன்று கண்டேன். அடுத்த ஆண்டு கூடங்குளத்தின் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது. இன்று அங்கே இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். சூரியன் மாலையில் மறைந்துவிடும். காற்று ஆடி கழிந்தால் ஓய்ந்துவிடும். நிலக்கரி இருக்கிறது, ஆனால் அதன் புகை வானத்தைக் கெடுக்கிறது. இரவிலும் நிற்காத, புகையில்லாத மின்சாரம் ஒரு பங்காவது வேண்டும் என்பது நியாயமான கணக்குத்தான்.

பாபா விட்டுச் சென்ற கணக்கில் மூன்றாம் படி இன்னும் ஏறப்படவில்லை. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அப்படியே கிடக்கிறது. அதை எரிக்கும் உலையை அமைப்பவனும், கழிவைப் பற்றி மீனவனுக்கு நேர்மையான பதில் சொல்பவனும், இதைவிட மலிவான வழி உண்டென்று எண்களோடு மறுத்து எழுதுபவனும் இன்று ஏதோ ஒரு விடுதி அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களாகத்தான் இருக்க முடியும். நண்பர்களே, அது நம் சங்கத்தைச் சேர்ந்த ஒருவராக இருக்கட்டும்.