கம்பியின்றி மணியடித்தவர்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஜகதீச சந்திர போஸ் என்றதும், செடி கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய அறிஞர் என்ற பள்ளிப் பாடமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் வினாவாக அதை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தவன்தான் நானும். அவருடைய வாழ்க்கையை மீண்டும் தேடிப் படிக்கும்படி என்னைச் செய்தது, சென்ற ஆண்டு நாங்கள் கட்டிய மூன்றடி நீளமுள்ள ஒரு படகு. படகின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெரியவரின் கதை.

போஸ் 1858 நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். நம் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையார் பகவான் சந்திர போஸ் துணை நீதிபதிப் பதவியில் இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே பெருமை என்று கருதிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே சிறுவன் ஜகதீசனுக்கு வலப்புறம் அமர்ந்தவன் தந்தையின் கீழ்ப் பணிபுரிந்த முஸ்லிம் சேவகரின் மகன்; இடப்புறம் அமர்ந்தவன் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மேல் தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்து, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் லாஃபோன் பாதிரியாரிடம் இயற்பியல் கற்ற போஸ், 1880இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்று, 1884இல் பட்டம் பெற்றார். ஒளியலை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அங்கேதான் சோதனை காத்திருந்தது. ஆங்கிலப் பேராசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகப் பதவி என்பதால் அதிலும் பாதியே போஸுக்கு. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தை நடத்துகிறவர்களுக்குள் இப்படியொரு வேற்றுமை! அவர் சண்டைக்குப் போகவில்லை, வேலையையும் விடவில்லை. மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொட மறுத்து, மூன்று ஆண்டுகள் தவறாமல் பாடம் நடத்தினார். தந்தையார் தொழில் முயற்சிகளில் இழந்து கடனாளியாக இருந்த நேரம் அது. சம்பளத்தை மறுப்பது வீட்டில் அடுப்பெரியும் காரியத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை, கூலி வராத வாரத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முடிவில் அரசு இறங்கி வந்தது. பதவி நிரந்தரமாயிற்று, மூன்றாண்டு முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் தந்தையாரின் கடனுக்குப் போயிற்று.

இந்தக் கஷ்ட காலத்திலேயே, 1887இல், அபலா அம்மையாரை மணந்தார். இந்த அம்மையாருக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் இல்லை என்றதால், 1882இல் வங்காள அரசின் உதவித்தொகை பெற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமற் போயிற்று. நாம் பேருந்தில் சென்ட்ரலைக் கடக்கும்போதெல்லாம் எதிரே தெரிகிற அதே கல்லூரிதான்.

1894இல் தமது முப்பத்தாறாவது பிறந்த நாளன்று, இனி ஆராய்ச்சிக்கே வாழ்வைக் கொடுப்பது என்று போஸ் முடிவு செய்தார். ஆய்வுக்கூடம் என்று ஒன்றும் இல்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிறு அறையும், உதவிக்கு ஒரு தகரக் கொல்லரும்தான். மின்காந்த அலைகள் இருப்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் மெய்ப்பித்திருந்தார். ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை ஒளியைப்போல் முறித்தும் திருப்பியும் ஆராயப் பெரிய கருவிகள் வேண்டும். போஸ் அலையையே குறுக்கினார். அவர் உண்டாக்கிய மிகக் குறுகிய அலையின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர், அதாவது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். கருவிகள் எல்லாம் ஒரு மேசைமேல் அடங்கின. அலையை ஒருமுகமாகச் செலுத்த உலோகப் புனல் செய்தார். குழாய் வழியாக அலையை நடத்தினார். முறுக்கிய சணல் கட்டால் அலையின் தளத்தைத் திருப்பிக் காட்டினார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றின் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அதையே ஓர் ஆய்வுக் கருவியாக்கினார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சாதனம் இல்லை என்று செய்முறை வகுப்பில் நாம் சொல்லாத நாள் உண்டா?

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் நடத்திய காட்சியே இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்தது. ஓர் இடத்தில் அலையை எழுப்பினார். அது சுவர்களையும், குறுக்கே அமர்ந்திருந்த வங்காள லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் ஊடுருவிச் சென்றது. ஏறத்தாழ 75 அடி தொலைவில் பூட்டிய அறையில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. தொலைவிலிருந்து கம்பியில்லாமல் ஒரு பொருளை இயக்குவது என்ற காரியத்தை உலகிலேயே முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் நம் போஸ். டெஸ்லா நியூயார்க்கில் தம் சிறு படகைக் கம்பியின்றி ஓட்டிக் காட்டியது 1898இல்தான்.

இனி எங்கள் படகு. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நாம் அறிவோம். ஆட்கள் இறங்கி நிற்காமல் நீரின் நிலையைப் படம் பிடித்துப் பார்க்க ஒரு படகு செய்வோமே என்று நண்பர்கள் நால்வர் கூடினோம். ஆணை போவது 2.4 கிகாஹெர்ட்ஸில், படம் வருவது 5.8 கிகாஹெர்ட்ஸில். முதல் நாள் 200 மீட்டர் போவதற்குள் படம் சிதறிவிட்டது. படகோ சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கண் போய்விட்டது, காது கேட்கிறது! ஆணை என்பது ஒரு நொடிக்குச் சில எழுத்துகள். எவ்வளவு நலிந்து வந்தாலும் புரிந்துவிடும். படம் என்பது பெரிய மூட்டை. அதைச் சுமக்க அகன்ற அலைவரிசை வேண்டும். அகன்ற இடம் கிடைப்பது குறுகிய அலைகளில்தான். குறுகிய அலையோ தடைகளை வளைந்து கடக்காது. சிறு ஏரியல் பிடிக்கும் சக்தியும் குறைவு. தொலைவு இருமடங்கானால் கிடைக்கும் சக்தி கால் பங்காகும்.

கூடுதல் சக்தியுள்ள கருவி வாங்கலாம் என்றான் ஒருவன். பணம் ஏது? பேராசிரியர் ஒருவர்தான் கணக்குப் போடச் சொன்னார். 5 சென்டிமீட்டர் அலை 200 மீட்டர் போக வேண்டுமானால், பாதையின் நடுவில் நேர்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குமேல் வெற்றிடம் வேண்டும். நாங்களோ ஏரியலை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தோம். பாதி அலையைத் தண்ணீரே விழுங்கிவிட்டது. அப்புறம்தான் போஸின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அவர் இருபதடிக் கம்பத்தின் உச்சியில் ஒரு வட்டத் தகட்டை ஏற்றி அலைபரப்பியோடு இணைத்தார். அதேபோல் இன்னொன்றை அலைவாங்கியோடு இணைத்தார். நாங்கள் ஒரு மூங்கில் கழியைத் தேடினோம். குச்சி ஏரியலுக்குப் பதில், ஒரே திசை நோக்கிப் பிடிக்கும் தட்டை ஏரியலைக் கழியின் உச்சியில் கட்டினோம். படகிலும் ஏரியலை உயர்த்தினோம். வேறெதையும் மாற்றவில்லை. கழிமுகத்தின் வளைவில் படகு மறையும் வரை படம் வந்தது.

இதே தேர்வுதான் போஸையும் மார்க்கோனியையும் பிரித்தது. மார்க்கோனிக்குத் தூரம் வேண்டும். ஆகவே நீண்ட அலைகளின் பக்கம் போனார். போஸுக்கு அலையின் இயல்பு தெரிய வேண்டும். ஆகவே குறுகிய அலைகளோடு நின்றார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி பெற்றபோது பயன்பட்ட பாதரச அலையுணர்வி, 1899இல் போஸ் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட கருவியின் வழிவந்ததே என்று 1998இல் ஓர் ஆய்வாளர் ஆவணங்களோடு எழுதினார். 1909இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் போயிற்று. போஸ் தம் கண்டுபிடிப்புகளைக் காசாக்க விரும்பாதவர். நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா உணர்விக்கு 1904இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையையும் காலாவதியாக விட்டுவிட்டார். அதைத் தியாகம் என்று போற்றுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்து உரிமைக்கு நின்ற அதே மனிதர், இங்கேயும் நின்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பின்னர் அவர் கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை அமைத்தார். 1917 நவம்பர் 30இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1920இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23இல், எழுபத்தொன்பது வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் காலமானார். அவர் விட்டுப்போன மில்லிமீட்டர் அலைகளைத் தேடி உலகம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2012இல் பன்னாட்டு மின்பொறியாளர் சங்கம் அந்தச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது. 2022இல் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைக் கைபேசிக்காக ஏலம் விட்ட அலைவரிசைகளில் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. அதன் அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். அந்தச் சிறு அறையில், தகரக் கொல்லரை வைத்துக்கொண்டு, போஸ் கையாண்ட நீளங்களுக்குள் அடங்குவதுதான்.