சிசு மரணத்தை ஆராய்ந்த ஸ்ரீபதி சந்திரசேகர்

1918-ஆம் ஆண்டு ராஜமுந்திரியில் பிறந்த ஸ்ரீபதி சந்திரசேகர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற மக்கள்தொகையியல் அறிஞர் ஆவார். சென்னையில் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு வயது நிறைவதற்குள் குழந்தைகள் இறப்பதைப் புள்ளிவிவரங்களுடன் ஆராய்ந்து, 1959-இல் நூலாக வெளியிட்டார். 1967-இல் மத்திய சுகாதாரம் மற்றும் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சரானார். 2001-இல் மறைந்தார்.

இத்தகைய ஆய்வுக்கு அடிப்படை பிறப்பு, இறப்புப் பதிவேடுகளே. பதிவாகாத குழந்தை கணக்கில் வருவதில்லை. அக்குழந்தையின் மரணத்திற்கான காரணமும் ஆராயப்படுவதில்லை. தென்காசியிலோ குற்றாலத்திலோ குழந்தை பிறந்தால், அவ்விடத்திற்குரிய பதிவாளரிடம் 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யவும். குழந்தை இறக்க நேரிட்டால், துயரத்திற்கிடையிலும் அதனைப் பதிவு செய்வது அவசியம். பிற குழந்தைகளைக் காக்க அப்பதிவு உதவும்.