மூன்று மணி நேரக் கணக்கு

பென்சிலின் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1928-இல் தமது ஆய்வுத் தட்டில் படர்ந்த பூஞ்சை, அருகிலிருந்த கிருமிகளை அழித்ததைக் கண்டவர் அவர். ஆனால், தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள் வேறு. மனித உடலுக்குள் சென்று கிருமியைக் கொல்லும் மருந்து வேறு. அந்தப் பொருளை மருந்தாக்கிய பெருமை ஹோவர்ட் ஃபுளோரியையும் அவருடைய குழுவினரையும் சேரும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், காலணி உற்பத்தியாளர் ஒருவரின் மகனாக 1898 செப்டம்பர் 24-ஆம் தேதி பிறந்தவர் ஃபுளோரி. அங்கேயே மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 1935-இல் அப்பல்கலைக்கழகத்தின் நோயியல் பேராசிரியரானார். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த யூத உயிர்வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செயினையும், கைத்திறன் மிக்க நார்மன் ஹீட்லியையும் தம்மோடு இணைத்துக்கொண்டார்.

1940 மே 25. பிரிட்டிஷ் படை டன்கர்க் கடற்கரையில் முற்றுகையில் சிக்கியிருந்த நேரம். ஆக்ஸ்ஃபோர்டில் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமிகள் செலுத்தப்பட்டன. அவற்றுள் நான்குக்குப் பென்சிலின் தரப்பட்டது. இரண்டுக்கு ஒரே வேளையாக, இரண்டுக்குச் சிறு அளவுகளாகப் பிரித்து. விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் இறந்தன. மருந்து பெற்ற நான்கும் பிழைத்திருந்தன.

உண்மையான சோதனை 1941 பிப்ரவரி 12-இல் தொடங்கியது. கிருமித்தொற்று முற்றி, ஒரு கண்ணையும் இழந்து சாவின் விளிம்பில் இருந்த 43 வயதுக் காவலர் ஒருவருக்கு முதலில் 200 மில்லிகிராம், பின்னர் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் எனப் பென்சிலின் ஏற்றப்பட்டது. ஒரே நாளில் தேறத் தொடங்கினார். ஆனால் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரைப்போல மருந்து உடலில் தங்கவில்லை. சிறுநீரகங்கள் அதன் பெரும்பகுதியை உருமாறாமலேயே வெளியேற்றின. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, ஆய்வகத்துக்குக் கொண்டுசென்று, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே செலுத்தினர். ஐந்தே நாளில் கையிருப்பு தீர்ந்தது. நோய் திரும்பியது, மார்ச் 15-இல் அவர் இறந்தார்.

அந்த மரணம் உணர்த்திய பாடம் பெரிது. உடல் மருந்தை என்ன செய்கிறது, மருந்து கிருமியை என்ன செய்கிறது என்னும் இரு கேள்விகளுக்கும் சேர்த்து விடை கண்டால்தான் சரியான அளவு புலப்படும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இரத்தத்தில் பென்சிலினின் அளவு பாதியாகிவிடும். கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும் அளவுக்கு மேல் அது எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளுக்கோ இரத்தத்தில் எட்டும் உச்ச அளவே முக்கியம். ஆகவே, ஒன்றை நாளுக்குப் பலமுறையும் மற்றொன்றைப் பெரும்பாலும் ஒரே வேளையாகவும் தருகிறார்கள். மருத்துவர் எழுதும் மணிக்கணக்கு வெறும் சடங்கன்று.

ஃபுளோரி அடுத்துச் சிறுவர்களை நாடினார். சிறிய உடலுக்குக் குறைந்த மருந்தே போதும். 1941 கோடையில் ஹீட்லியுடன் அமெரிக்கா சென்று பெருமளவு உற்பத்திக்கு வழிகோலினார். பென்சிலினுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. பின்னாளில் அமெரிக்கர்களின் உற்பத்தி முறைகளுக்குப் பிரிட்டன் உரிமத்தொகை செலுத்த நேர்ந்தது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இழப்பும் ஈகையும் கலந்த இந்த முடிவை என்னால் எளிதில் எடைபோட இயலவில்லை.

1945-இல் ஃபிளெமிங், செயின் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விளம்பரத்தை விரும்பாத அவர், 1968 பிப்ரவரி 21-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார்.

பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சில கிருமிகள் சுரப்பதைச் செயினும் எட்வர்டு ஆபிரகாமும் 1940-லேயே கண்டறிந்துவிட்டனர். மருந்து மனிதரை எட்டுமுன்பே எதிர்ப்பு காத்திருந்தது. இன்று மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரைகள், நினைத்தபோது விட்டுவிடும் வேளைகள் எல்லாம் அந்த எதிர்ப்புக்கு நாம் இடும் உரம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தின் ஆற்றல் ஊர்ப் பொதுக்குளம் போன்றது. ஒருவர் கலக்கினால் அனைவருக்கும் கேடு. ஒரு துளியை மீட்கச் சிறுநீரையும் வடித்தவர்களின் உழைப்பை நாம் இத்தனை மலிவாகச் செலவிடலாமா?