இரத்தத்தில் கணக்குப் பார்த்தவர்

ராத்தாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்த கிழமையில்தான் ஹால்டேன் என்ற பெயரை நான் தேடிப் படித்தேன். வாப்பாவின் தங்கச்சியான மாமியின் மகனுக்கும் ராத்தாவுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அறிக்கையின்படி இருவருமே தலசீமியா காவிகள். காவிகளுக்கு நோயில்லை, கொஞ்சம் இரத்தச்சோகை இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் காவிகள் இருவர் மணம் முடித்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கான வாய்ப்பு உண்டு. நோயுள்ள பிள்ளை ஆயுள் முழுதும் பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும்.

வீட்டில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இது யாருடைய பக்கத்தால் வந்தது? வாப்பா பதில் சொல்லாமல் சித்தாண்டி வயலுக்குப் போய்விட்டார். நான் கேட்டது வேறு கேள்வி. பிள்ளைகளைக் கொல்லும் இந்தப் பரம்பரையலகு ஏன் அழியாமல் இத்தனை காலம் இருக்கிறது? உயர்தர உயிரியல் படிக்கிறவள் என்பதால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுபது வருடங்களுக்கு முன்பே இதற்குப் பதில் சொன்ன ஒருவர் இருந்தார்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் பிறந்தார். தகப்பன் ஜோன் ஸ்கொட் ஹால்டேன், சுவாசத்தை ஆராய்ந்த உடற்றொழிலியலாளர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் மூச்சுத்திணறிச் சாவது ஏன் என்று பார்க்கப் போகும்போது சிறுவனான மகனையும் கூட்டிப்போவார். ஒருமுறை மெதேன் வாயு நிறைந்த இடத்தில் மகனை எழுந்து நின்று சேக்ஸ்பியர் நாடகத்து வசனமொன்றைச் சொல்லச் சொன்னார். பாதியிலேயே பையன் மூச்சுவாங்கிக் கீழே விழுந்தான். தரையருகே காற்று நன்றாக இருந்தது, பிழைத்துக்கொண்டான். மெதேன் இலேசானது, மேலேதான் நிற்கும் என்பதை அவன் பிறகு மறந்திருக்கவே முடியாது. (எங்கள் வாப்பா இப்படிப் பாடம் படிப்பித்திருந்தால் உம்மா வீட்டையே இரண்டாக்கியிருப்பா.)

வளர்ந்த பிறகும் தன் உடம்பையே ஆய்வுகூடமாக வைத்திருந்தார். இரத்தத்தின் அமிலத்தன்மை மாறினால் என்ன நடக்கும் என்று பார்க்க, அமோனியம் குளோரைட்டைக் குடித்தார். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளுக்காக அழுத்த அறைக்குள் அடைபட்டு, முள்ளந்தண்டில் காயம்பட்டார். முதலாம் உலகப் போரில் மெசப்பத்தேமியாவில் காயமடைந்தபோது குணமாவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்த நாட்டின் மீது விருப்பம் அப்போதே வந்துவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு விஞ்ஞானத்தில் பட்டமே இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் கிரேக்க இலத்தீன் இலக்கியமும். அந்தக் கணிதத்தால்தான் இயற்கைத் தேர்வு எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்.

தலசீமியா கணக்குக்கு வருகிறேன். இரண்டு பிரதிகள் உள்ள பிள்ளை அக்காலத்தில் வளருமுன்பே இறந்துவிடும். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை அந்தப் பரம்பரையலகு குறைய வேண்டும். மத்தியதரைக் கடலோரத்திலோ அது மிகச் சாதாரணமாக இருந்தது. புதிது புதிதாக விகாரங்கள் உண்டாகி அந்த நட்டத்தை ஈடுசெய்கின்றன என்று சிலர் நினைத்தார்கள். அதற்கு விகார வேகம் நம்பமுடியாத அளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஹால்டேன் கணித்தார். அவர் கண்ட வழி வேறு. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களின் செங்குழியங்கள் சிறியவை. மலேரியா ஒட்டுண்ணி வளர்வது செங்குழியத்துக்குள். அந்தச் சிறிய குழியம் அதற்கு வசதியான வீடாக இல்லாவிட்டால், மலேரியா உள்ள ஊரில் காவிகளே அதிகம் பிழைப்பார்கள். 1949இல் இதை எழுதினார். 1954இல் அந்தனி அலிசன் ஆபிரிக்காவில் அரிவாட்கல நோய்க் காவிகளிடம் இதே பாதுகாப்பைக் கண்டு காட்டினார்.

அதே 1949இல் நோயும் கூர்ப்பும் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்னும் தூரம் போகிறது. ஒட்டுண்ணி, தான் அதிகம் சந்திக்கும் வகை உடம்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆகவே அரிதான வகைக்குத்தான் அப்போது நன்மை. அந்த வகை பெருகினால் ஒட்டுண்ணி அதற்கும் பழகிவிடும். எனவே ஓரினத்துக்குள் எல்லோரும் ஒரேமாதிரி இல்லாமல் பலவிதமாக இருப்பதே பாதுகாப்பு. வாப்பாவுக்கு இதை நெல்லை வைத்துச் சொன்னேன். கபில நிறத் தத்தியைத் தாங்கும் ஐ.ஆர். 26 என்ற நெல்லினம் 1973இல் வெளியானது. எங்கும் அதையே விதைத்தார்கள். சில வருடங்களில் அதையும் தின்னப் பழகிய தத்திகள் வந்துவிட்டன. வாப்பா உடனே தலையாட்டினார். வயல்காரருக்கு ஹால்டேன் கடினமில்லை.

மலேரியாவும் அப்படித்தான் இந்த நாட்டில் விளையாடியது. 1934, 35இல் பெருங்கொள்ளைநோயாக வந்து ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. டீ.டீ.ரீ. அடித்து 1963இல் 17 நோயாளர் என்ற அளவுக்குக் குறைத்தார்கள். மருந்தடிப்பு தளர்ந்ததும் 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு டீ.டீ.ரீ.க்குத் தாக்குப்பிடிக்கப் பழகியது, பின்னர் ஒட்டுண்ணி குளோரோகுயினுக்குப் பழகியது. 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சித்தாண்டி வாடியில் இரவுக் காவல் கிடந்த நாட்களில் வாப்பாவுக்கு மூன்று தடவை மலேரியா வந்திருக்கிறது.

ஹால்டேனின் எல்லாக் கருத்தும் நமக்கு ஒத்துவராது. பல வருடம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். சோவியத்தில் லைசென்கோ மரபியலாளரை நசுக்கியபோது அவர் உரத்துப் பேசாததை நான் பெரிய குறையாகவே நினைக்கிறேன். ஆனால் 1956இல் பிரித்தானியா சுயெஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கியதை வெறுத்து, அடுத்த வருடம் மனைவி ஹெலனுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். அறுபது வருடம் காலுறை போட்டது போதும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. குர்தா உடுத்தார், மரக்கறி உணவுக்கு மாறினார், இந்தியக் குடியுரிமை பெற்றார். பிறகு புவனேஸ்வரில் ஆய்வுகூடம் அமைத்தார். புற்றுநோய் வந்தபோது அதைப் பற்றியே வேடிக்கையாகக் கவிதை எழுதினார். 1964 டிசம்பர் 1ஆம் திகதி அங்கேயே இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர் படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது.

இதையெல்லாம் வாடியில் வைத்து வாப்பாவிடம் சொன்ன மறுநாள், அவர் தானாகவே போய் இரத்தம் கொடுத்தார். அவரும் காவிதான். மூன்று மலேரியாவிலும் அவர் தப்பியது இதனால் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் குளோரோகுயினும் குடித்திருந்தார். ஆனால் அறிக்கையை உம்மாவின் கையில் அவரே கொடுத்தார். நானும் பரிசோதித்தேன். நானும் காவி.

ராத்தாதான் முதலில் வேண்டாம் என்றா. மச்சானும் ஒத்துக்கொண்டார். மாமி மூன்று மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. போன வெள்ளாமை வெட்டின அன்று, பகல் நேரம், சோற்றுப் பானையுடன் சித்தாண்டி வாடிக்கு வந்தா. ராத்தாவை முதலில் உண்ணச் சொன்னா.