முதல் நிமிடம் காத்த அம்மையார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

குழந்தை பிறந்துவிட்டது என்ற செய்தியைவிட, குழந்தை அழுதுவிட்டது என்ற செய்திக்காகவே பேறு அறைக்கு வெளியே நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த அழுகையோடுதான் மூச்சு தொடங்குகிறது. கருவறையில் நீர் நிறைந்திருந்த நுரையீரல் சில நொடிகளில் காற்றை ஏற்றாக வேண்டும். பத்து மாதமும் நஞ்சுக்கொடி பார்த்துவந்த வேலையைத் தான் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அவ்வேலை ஒழுங்காகத் தொடங்கிற்றா என்பதை ஒரே நிமிடத்தில் எண்ணிச் சொல்ல உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண்மணி. அதுவும் நம்மைப் போல விலங்கியல் படித்தவர்! அவர்தாம் டாக்டர் வர்ஜீனியா ஆப்கார்.

அம்மையார் 1909-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் வானொலிக் கருவிகளோடும் தொலைநோக்கியோடும் பொழுதைக் கழித்தவர். அண்ணன் ஒருவர் காசநோயால் சிறு வயதிலேயே மறைந்தார். மற்றோர் அண்ணனும் தீராத நோயாளி. பள்ளிப் பருவத்திலேயே மருத்துவராக வேண்டும் என்ற உறுதி அவருக்கு ஏற்பட்டுவிட்டதில் வியப்பில்லை.

மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் விலங்கியல் படித்து 1929-இல் பட்டம் பெற்றார். வீட்டில் வசதி குறைவு. படிப்புச் செலவுக்காகப் பகுதி நேர வேலைகள் பலவற்றைச் செய்தார். அவற்றுள் ஒன்று, ஆய்வுக்கூடத்துக்குப் பூனை பிடித்துக் கொடுப்பது! தவளை அறுத்த காலத்தைப் பேராசிரியர்கள் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றும். இத்தனைக்கும் நடுவே வயலின் வாசித்தார், விளையாட்டுகளிலும் முன்னின்றார்.

அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொண்ணூறு மாணவர்களில் பெண்கள் ஒன்பது பேர். சேர்ந்த சில வாரங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து நாடே வறுமையில் வீழ்ந்தது. 1933-இல் வகுப்பில் நான்காவது இடம் பெற்றுத் தேறியபோது அவர் தலைமேல் ஏறத்தாழ 4,000 டாலர் கடன் இருந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்குக் கடனோடு பெறும் பட்டம் எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

அறுவை மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அத்துறையின் தலைவர் டாக்டர் ஆலன் விப்பிள், அறுவை மருத்துவம் பயின்ற பெண்களுக்குப் பிழைப்பு நடப்பதில்லை என்பதைக் கண்டிருந்தமையால், மயக்க மருந்துத் துறைக்குப் போகுமாறு அறிவுறுத்தினார். மயக்க மருந்து கொடுப்பதைப் பெரும்பாலும் செவிலியரே செய்துவந்த காலம் அது. மருத்துவர் பலர் அதை மதிக்கவே இல்லை. ஆயினும் அம்மையார் அதைக் கற்றார். 1938-இல் கொலம்பியாவில் அப்பிரிவின் தலைவராகி, பதினோராண்டுகள் உழைத்து அதை வளர்த்தார். 1949-இல் அது தனித் துறையாக உயர்ந்தபோது தலைமைப் பதவி ஓர் ஆடவருக்குப் போயிற்று. அம்மையாருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அக்கல்லூரியில் அந்நிலை எய்திய முதல் பெண் அவரே என்பது பெருமைதான். எனினும் வளர்த்தவருக்குத் தலைமை தராதது நியாயமன்று என்றே எனக்குப் படுகிறது.

அந்த இழப்பே குழந்தைகளுக்கு ஆதாயமாயிற்று. நிர்வாகச் சுமை நீங்கிய அவர் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையின் பேறு அறைக்குச் சென்றார். அங்கே எல்லோருடைய கண்ணும் தாயின் மேல் இருந்தது. பிறந்த குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தால், பிழைப்பது அரிது என்று கருதி ஒதுக்கி வைப்பதும் உண்டு. குழந்தையின் நிலையை அளக்க எல்லோருக்கும் பொதுவான முறை ஒன்றுமில்லை. ஒரு நாள் காலையுணவின்போது மருத்துவ மாணவர் ஒருவர் இதுபற்றிக் கேட்க, அம்மையார் கைக்கு எட்டிய தாளில் ஐந்து குறிப்புகளை எழுதிவிட்டு, அவற்றைச் சோதித்துப் பார்க்க உடனே பேறு அறைக்கு விரைந்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி.

அந்த ஐந்தும் இவை: இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் சுழி, ஒன்று, இரண்டு என மதிப்பெண். துடிப்பு நிமிடத்துக்கு நூறுக்கு மேல் இருந்தால் இரண்டு, குறைந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. மொத்தம் பத்து. பிறந்து ஒரு நிமிடத்தில் கணக்கிட வேண்டும். பின்னாளில் ஐந்தாம் நிமிடமும் சேர்ந்தது. பேறு பார்த்த மருத்துவரே மதிப்பெண் போடக் கூடாது என்பதில் அம்மையார் கண்டிப்பாக இருந்தார். தன் கையால் பிறந்த குழந்தைக்குத் தாராளமாகப் போட்டுவிடுவார் அல்லவா! விடைத்தாளை வேறு கல்லூரி ஆசிரியர் திருத்துவது போன்ற ஏற்பாடு இது.

1952-இல் மருத்துவர் கூட்டமொன்றில் இதை வெளியிட்டார்; 1953-இல் கட்டுரை அச்சேறியது. அதில் 1,021 குழந்தைகளின் கணக்கு உண்டு. இரண்டும் அதற்குக் கீழும் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்குப் பதினால்வர் இறந்திருந்தனர். எட்டும் அதற்கு மேலும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவே. பின்னர்த் தோழர்களுடன் சேர்ந்து குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். மதிப்பெண் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் பிராண வாயு குறைந்து அமிலம் மிகுந்திருந்தது. தாய்க்குக் கொடுத்த சைக்குளோபுரொப்பேன் என்னும் மயக்க வாயு குழந்தையையும் சோர வைக்கிறது என்றும் தெரிந்தது. அது அம்மையார் தாமே விரும்பிப் பயன்படுத்திய வாயு! கணக்கு வந்தவுடன் அதைக் கைவிட்டார்.

ஆனால் முதல் நிமிடத்து மூச்சு அந்த நிமிடத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. ஒவ்வொரு வலியின்போதும் கருப்பை இறுகுவதால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வலி தணியும் இடைவேளையில் குழந்தை ஈடுசெய்துகொள்கிறது. வலி அளவுக்கு மீறி நீண்டால், அல்லது இடைவேளையின்றி அடுத்தடுத்து வந்தால், ஈடுசெய்ய முடியாமல் கடன் ஏறுகிறது. வலிக்குப் பின் இதயத் துடிப்பு இறங்கி மெல்ல மீள்வதும், பனிக்குட நீர் பச்சையாக வருவதும் அதன் எச்சரிக்கைகள். அம்மையார் பணியாற்றிய அதே ஸ்லோன் மருத்துவமனையில் டாக்டர் இமானுவேல் ஃபிரீட்மன் 1954-இல் கருப்பை வாய் விரியும் அளவை மணிக்கணக்கோடு சேர்த்து வரைகோடாக்கினார். 1972-இல் ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், டாக்டர் ஃபில்பாட்டும் அவர் தோழரும் அப்படத்தில் எச்சரிக்கைக் கோடு ஒன்றும், அதற்கு நான்கு மணி நேரம் தள்ளிச் செயற்கோடு ஒன்றும் வரைந்தனர். தொலைவிலுள்ள சிறு மருத்துவமனையின் தாதிகூட, கோடு வலப்புறம் சாய்ந்தால் தாயை நேரத்தோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். எல்லாத் தாய்மாருக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்குப் பொருந்தாது, தாயும் சேயும் நலமாயிருக்க வீணே அவசரப்படுத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் திருத்தம் கூறியது.

என் வீட்டுக் கதையையும் இங்குச் சொல்லிவிடுகிறேன். என்னை மூன்றாவது பிள்ளை என்பாள் அம்மா. எண்ணிப் பார்த்தால் அக்காவும் நானும் இருவர்தாம். தலைப்பிள்ளைக்கு அம்மா இரண்டு இரவு வீட்டிலேயே வலியில் கிடந்தாள். இரவில் வண்டியில்லாத ஊர். பிறந்த ஆண் குழந்தை அழவே இல்லை. இதற்கு மேல் அம்மா சொன்னதில்லை. சென்ற ஆண்டு அக்காவுக்கு வலி கண்டபோது ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலி அரைமணிக்கொருமுறை குழந்தையின் துடிப்பைக் கேட்டு ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்குப் பின் அந்தத் தாளைப் பார்த்தவர், 108 வண்டியை வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். குழந்தை உடனே அழவில்லை. முகமூடியும் பையும் கொண்டு காற்று ஊட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சீட்டில் 4, 8 என்று இரண்டு எண்கள். அவை என்ன என்று நான் தேடப் போய்த்தான் ஆப்கார் அம்மையாரைக் கண்டேன். எழுத்தறியாத என் அம்மா அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

இன்று ஒரு நிமிடம் முடியும்வரை மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. மூச்சில்லையென்றால் அதற்குள்ளாகவே காற்று ஊட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தது என்பதைக் கொண்டே குழந்தையின் பிற்கால அறிவை முடிவுகட்டுவதும் தவறு.

1959-இல், ஐம்பதாம் வயதில், அம்மையார் மீண்டும் மாணவியாகி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்றார். பிறகு மார்ச் ஆஃப் டைம்ஸ் அறநிறுவனத்தில் சேர்ந்து, பிறவிக் குறைபாடுகளைப் பற்றி ஊர் ஊராகச் சென்று பேசினார். விமானம் ஓட்டவும் பழகினார். வயலின், வியோலா முதலியவற்றைத் தம் கையாலேயே செய்தார். ஒருமுறை மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்த மேப்பிள் பலகை வியோலாவுக்கு ஏற்றது என்று கண்டு, தோழி ஒருவருடன் இரவில் சென்று, வேறு பலகையைப் பொருத்திவிட்டு அதைக் கழற்றி வந்துவிட்டாராம்!

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1974 ஆகஸ்டு 7-ஆம் நாள், தாம் பயின்று பணியாற்றிய அதே கொலம்பியா மருத்துவமனையில் காலமானார். 1994-இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த இருபது சென்ட் அஞ்சல் தலையை வெளியிட்டது. அந்த விழாவில் குழந்தை மருத்துவர்கள் நால்வர், அம்மையார் செய்த கருவிகளை எடுத்து வாசித்தார்கள்.