நோயாளியைக் கேட்டறிந்த நைட்டிங்கேல் அம்மையார்

விளக்கேந்திய மங்கை எனப் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820 முதல் 1910 வரை வாழ்ந்தவர். கிரிமியப் போரின்போது, 1854 இல், துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே காயத்தால் மாண்டவரினும் நோயால் மாண்ட வீரரே மிகுதி. விளக்கின் கதையை யாவரும் அறிவர். அவர் நோயாளியைக் கேட்டறிந்த முறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இரவு நன்றாகக் கழிந்ததா என்று கேட்பதில் பயனில்லை என்பது அவர் கருத்து. ஐந்து நாள் இரவும் பகலும் கண்மூடாமல் இறந்தவரைப் பற்றியும், இரவில் இடையே விழித்துக்கொண்டவரைப் பற்றியும் இக்கேள்விக்கு ஒரே விடை கிடைத்ததாம்! எத்தனை மணி நேரம் உறக்கம், எந்த வேளையில் என்றே கேட்கச் சொன்னார்.

1860 இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி நிறுவினார். தோழியரே, 1861 இல் உழைக்கும் மக்களுக்கென வெளியிட்ட நூலிலே, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியருக்காகவே ஓர் அத்தியாயம் சேர்த்தார். தூய காற்று, கதகதப்பு, தூய்மை, வேளைக்கு உணவு இவற்றை எளிய நடையில் அதில் விளக்கியிருக்கிறார்.